உடல் சொல்லும் உண்மை

தொலைக்காட்சியில் 'சி.எஸ்.ஐ.' தொடரைப் பார்த்துவிட்டு, தடயவியல் மருத்துவர் என்றால் துப்பாக்கியுடன் குற்றவாளியைத் துரத்துபவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு மரணம்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்திலுள்ள பாலோதான் என் ஊர். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, செம்பனைக் குலை வெட்டப்போன பெரியப்பா மரத்தடியில் இறந்து கிடந்தார். காவல்துறையினர் வந்ததும், "நல்லா இருந்த உடம்பை அறுக்காதீங்க ஐயா" என்று பாட்டி கதறினார். சந்தேகம் எதுவும் இல்லை என்று உடலைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே அடக்கம் முடிந்தது. பின்னர் பெரியம்மா விபத்து உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, "எதனால் இறந்தார்?" என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பாம்பு கடித்ததா, மாரடைப்பா, விழுந்த குலை தாக்கியதா? இன்றுவரை தெரியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவரே தடயவியல் நோய்க்குறியியல் மருத்துவர்.

பணி என்ன?

திடீர் மரணம், விபத்து, தற்கொலை, கொலை, தடுப்புக்காவல் மரணம் ஆகியவற்றைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறை விசாரிக்கும். தேவையென்று கருதினால் உடலை அரசாங்க மருத்துவரிடம் அனுப்பும். இதற்குக் குடும்பத்தின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை.

மருத்துவர் முதலில் உடலின் வெளிப்புறத்தை ஆராய்வார். உடல் விறைத்துள்ளதா, இரத்தம் எப்பக்கம் தேங்கியுள்ளது என்று பார்ப்பார். மல்லாந்து கிடந்தவரின் மார்புப் பக்கம் இரத்தம் தேங்கியிருந்தால், இறந்த பின் யாரோ உடலைப் புரட்டியிருக்கலாம் அல்லவா? பின்னர் தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் திறந்து, உறுப்புகளை எடைபோட்டு, சிறு பகுதிகளை நுண்ணோக்கியில் பார்ப்பார். நஞ்சு, மரபணுச் சோதனைகளுக்கான மாதிரிகள் மலேசிய இரசாயனத் துறைக்குச் செல்லும். இறுதியில் உடலைத் தைத்து, கழுவி, குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். பொதுவாக முகம் சிதையாது. பாட்டிக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் போதும்.

மருத்துவரின் வேலை அறிக்கையோடு முடிவதில்லை. எப்போது, எங்கே, எப்படி மரணம் நேர்ந்தது, அதற்கு யாரேனும் பொறுப்பா என்று மரண விசாரணை நீதிமன்றம் ஆராயும்போது அவரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

ஒரே உடல், இரண்டு அறிக்கைகள்

2009 ஜனவரி 20ஆம் நாள், சுபாங் ஜெயாவில் காவல்துறையின் தடுப்பில் இருந்த குகன் என்ற இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் சவப் பரிசோதனை. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. பலமான அடிகளால் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகங்கள் செயலிழந்தன என்று அது கூறியது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாழாக்கும். 2013 ஜூன் மாதம், காவல்துறையும் அரசாங்கமுமே பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இருவரும் ஆராய்ந்தது ஒரே உடலைத்தான். ஆழமாகத் தேடினால்தான் உண்மை கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் குடும்பம் துணிந்து கேட்டது. எங்கள் குடும்பமோ அஞ்சி மறுத்தது.

தகுதி என்ன?

எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் சிறந்த தேர்ச்சி வேண்டும். அடுத்து எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், அதன்பின் 5 ஆண்டு மருத்துவப் பட்டம். பிறகு அரசு மருத்துவமனையில் 2 ஆண்டுப் பயிற்சி. தொடர்ந்து மருத்துவ அதிகாரியாகச் சில காலம் பணி. அதற்குப் பின்னரே தடயவியல் நோய்க்குறியியலில் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இது வழங்கப்படுகிறது. கூட்டிப் பார்த்தால், பள்ளியை முடித்தபின் ஏறக்குறைய 13 ஆண்டுகள்!

படிப்பு மட்டும் போதாது. துர்நாற்றத்தையும் துயரத்தையும் தாங்கும் மனம் வேண்டும். யார் அழுத்தம் கொடுத்தாலும் கண்டதை மட்டுமே எழுதும் நேர்மை வேண்டும். குடும்பத்தினரிடம் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தால் இன்னும் சிறப்பு.

நான் உயிர்மருத்துவ அறிவியல் மாணவி; மருத்துவராகப் போவதில்லை. ஆனால், இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் ஒருவராவது அந்த 13 ஆண்டு பயணத்தைத் தொடங்கலாம். மற்றவர்கள், வீட்டில் இப்படியொரு மரணம் நேர்ந்தால், "அறுக்க வேண்டாம்" என்று சொல்லுமுன் ஒரு கணம் சிந்தியுங்கள். பெரியம்மா இன்றும் பெரியப்பாவின் திதியன்று, "பாம்பாத்தான் இருக்கும்" என்பார். மறுவருடம், "நெஞ்சு வலியாத்தான் இருக்கும்" என்பார்.