மீட்டர் சொல்லாத கணக்கு



போடிநாயக்கனூரில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சாலைக்கு வந்தால், ஜீப்புகளின் உறுமலைக் கேட்கலாம். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு அவை முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகின்றன. தொலைவு 26 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர்.

என் அக்காள் மகனுக்கு மலைமேல் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை அவன் மூச்சிரைக்க வந்தான். “மாமா, ஒரு ஜீப் விலைக்கு வருகிறது. 1,30,000 ரூபாய்தான். மீட்டரில் 61,240 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடட்டுமா?” என்றான்.

அந்த ஜீப்பில் அவன் மட்டும் போகப்போவதில்லை. என் அக்காளும், காய் பறிக்க வரும் நான்கைந்து பெண்களும் போவார்கள். ஆகவே, “அவசரப்படாதே, மாப்பிள்ளை. முதலில் கணக்குப் போடுவோம்” என்றேன். நாங்கள் போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும்.

மீட்டர் எதை அளக்கிறது?

ஜீப்பின் மீட்டரில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999க்குப் பிறகு அது மீண்டும் 00000 ஆகிவிடும். விற்பவர் அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்ததாகச் சொன்னார். நாள்தோறும் போடிமெட்டுக்குப் போய்வரும் வண்டி. ஆண்டுக்கு 250 நாட்கள் ஓடியது என்று கொள்வோம்.

52 × 250 × 12 = 1,56,000 கிலோமீட்டர்.

ஆக, மீட்டர் ஒரு முறை முழுச்சுற்றுச் சுற்றியிருக்கிறது. உண்மையான அளவு 1,61,240 ஆக இருக்க வேண்டும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். மீட்டருக்கான கம்பி கியர்ப்பெட்டியின் பின்புறத்திலிருந்து வருகிறது. ஆகவே சக்கரம் சுற்றுவதைத்தான் அது எண்ணும். எஞ்சின் சுற்றுவதை எண்ணாது. மலையேறும்போது இரண்டாம் கியரில் ஒரு கிலோமீட்டர் செல்ல, மேல் கியரில் சுற்றுவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு எஞ்சின் சுற்றுகிறது. சமவெளியில் ஒரு கிலோமீட்டரும் மலையில் ஒரு கிலோமீட்டரும் மீட்டருக்கு ஒன்றுதான், எஞ்சினுக்கு ஒன்றல்ல.

இறக்கத்தில் பிறக்கும் வெப்பம்

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. ஏன்?

ஆட்களுடன் ஜீப்பின் நிறை 2,000 கிலோகிராம் என்க. போடிமெட்டில் நிற்கும்போது போடியைப் பொறுத்து அதன் நிலை ஆற்றல்:

2,000 × 10 × 1,000 = 2 கோடி ஜூல்.

கீழே வந்து நிற்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் எங்கே போயிற்று? ஆற்றலை அழிக்க முடியாது அல்லவா? டயர் உருளும்போது ஏற்படும் தடை, காற்றின் தடை ஆகியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி சுமார் 1.3 கோடி ஜூலை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவார்கள். அப்போது எஞ்சின் ஒரு பங்கும் ஏற்காது. முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழும். நான்கு பிரேக் டிரம்களின் மொத்த நிறை 40 கிலோகிராம் என்றும், வார்ப்பிரும்பின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 460 ஜூல் என்றும் கொண்டால்,

வெப்பநிலை உயர்வு = 1,30,00,000 ÷ (40 × 460) = சுமார் 700 டிகிரி!

வழியில் காற்று பட்டு டிரம் குளிர்வதால் வெப்பநிலை உண்மையில் இவ்வளவு உயராது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் இறங்கினால், டிரம்கள் இடைவிடாமல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஐந்து 1,000 வாட் மின்னடுப்புகள் தரும் வெப்பத்துக்குச் சமம். சூடேறிய பிரேக் லைனிங் தன் உராய்வை இழக்கிறது. மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

பிரேக் ஆயிலிலும் ஓர் அபாயம் உண்டு. நாம் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது பாஸ்கல் விதிப்படி இந்தத் திரவமே. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நான்கு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தபின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். சூடான டிரம்மின் அருகில் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் பஞ்சுபோல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

நாங்கள் செய்த சோதனைகள்

முதல் நாள் போனபோது எஞ்சின் ஒரே முடுக்கில் கிளம்பிற்று. ஆனால் பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடு! எங்களுக்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போனோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளையிலுள்ள காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்று கசியும். போதிய சூடு பிறக்காது. அன்று எட்டாவது முயற்சியில்தான் எஞ்சின் கிளம்பிற்று. வெண்புகை சூழ்ந்தது. எரியாத டீசலின் புகை அது. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார் மெக்கானிக். உள்ளிருந்து குப்குப்பென்று ஆவி வந்தது. வளையங்கள் தேய்ந்திருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து, ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மெக்கானிக் பிரேக் பிடித்தார். வண்டி 22 மீட்டர் தள்ளி நின்றது. 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டர். v² = 2as என்ற சூத்திரப்படி எதிர்முடுக்கம் 121 ÷ 44 = 2.75 மீட்டர்/வினாடி². நல்ல பிரேக்குக்கு இது 5க்குக் குறையக்கூடாது. அதாவது 12 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிறகு சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பார்த்தோம். மூன்றில் அனல் அடித்தது. முன் வலச்சக்கரம் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த சக்கரம் பிரேக் பிடிக்காத சக்கரம்!

கடைசியாக டிரம்களைக் கழற்றினோம். உட்புறத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை போன்ற விரிசல்களும் தெரிந்தன. இரும்பு சுமார் 300 டிகிரி வரை சூடேறும்போது மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி நீலம் பாரிக்கும். இந்த வண்டியைப் பலமுறை பிரேக்கை நம்பியே இறக்கியிருக்கிறார்கள். மீட்டர் மறைத்ததை டிரம் எழுதி வைத்திருந்தது.

முடிவு

பிரேக் பழுதுக்கு 25,000 ரூபாயும், எஞ்சினுக்கு 60,000 ரூபாயும் ஆகும் என்றார் மெக்கானிக். 1,30,000 ரூபாய் வண்டியின் உண்மை விலை 2,15,000 ரூபாய்!

ஒரு மாதம் கழித்து, சமவெளியில் ஓடிய வேறொரு ஜீப்பை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினான். அதன் ஆறிலக்க மீட்டரில் 1,90,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனாலும் குளிர்ந்த காலையில் உடனே கிளம்பிற்று. நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் சூடேறின. பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் சரிபார்த்தபின், அவன் செய்த முதல் வேலை பிரேக் ஆயிலை மாற்றியது.

எஞ்சின் பழுதானால் வண்டி ஓடாது, பணம் போகும். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது, உயிர் போகும். பழைய வண்டி வாங்குபவர் இந்த வரிசையை மறக்கக்கூடாது.

நீங்களே கணக்கிடுங்கள்

1. முதல் ஜீப் பன்னிரண்டு ஆண்டுகளில் 3,000 முறை போடிமெட்டுக்கு ஏறியிருந்தால், மொத்தம் ஏறிய உயரம் எத்தனை எவரெஸ்ட்? (எவரெஸ்ட் 8,849 மீட்டர்.)

2. எதிர்முடுக்கம் அதே 2.75 ஆக இருந்து, வேகம் 40க்குப் பதில் 60 கிலோமீட்டரானால் எத்தனை மீட்டரில் நிற்கும்?

3. ஆட்களின் எண்ணிக்கை கூடினால் டிரம்மின் வெப்பநிலை ஏன் கூடுகிறது?