ஊட்டி போய் வந்தால் சரியாகிவிடுமா?

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் சொன்னார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியது வெளியே வந்தது. ஏலம் இந்த வேகத்தில் ஏறினால், தூங்குவதற்கும் லீவு லெட்டர் கொடுக்க வேண்டியிருக்கும். ‘பர்ன்-அவுட்’ என்கிற பணிச்சோர்வைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளை இந்த முறை பார்க்கலாம்.

நம்பிக்கை: கூடுதல் நேரம் உட்கார்ந்தால் கூடுதல் வேலை முடியும்.

ஓர் எல்லை வரை முடியும். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டுப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய 1915-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு செய்து முடித்தார்கள் என்ற விவரம் அந்தக் குழுவின் ஆவணங்களில் சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் ஜான் பென்கவெல் அந்தக் கணக்கைத் தூசி தட்டி எடுத்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாரத்துக்குச் சுமார் 49 மணி வரை, நேரம் கூடிய அளவுக்கு உற்பத்தியும் கூடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த பலன் குறைந்துகொண்டே போயிருக்கிறது. 70 மணி உழைத்த வாரத்துக்கும் 56 மணி உழைத்த வாரத்துக்கும் உற்பத்தியில் பெரிய வித்தியாசமே இல்லை. 14 மணி நேர உழைப்பு வீண்.

லேத் மெஷினும் லேப்டாப்பும் ஒன்றா என்று கேட்கலாம். லேத்தில் கெட்டுப்போன உருப்படி அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுதிய கோடில் இருக்கும் பிழையோ, ரிலீஸ் முடிந்து வாடிக்கையாளர் கத்தும்போதுதான் தெரியும். லேப்டாப் வேலையில் இழப்பு இன்னும் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உடம்புக்கு ஆகும் செலவு தனி. வாரத்துக்கு 35–40 மணி உழைப்பவர்களைவிட 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ஐ.எல்.ஓ.) 2021-இல் கணக்கிட்டன.

நம்பிக்கை: பணிச்சோர்வெல்லாம் உழைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு வருவது.

நேர் எதிர். 1974-இல் இதை முதலில் விவரித்து எழுதியவர்களில் ஒருவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் போதைப்பழக்கத்துக்கு ஆளானவர்களுக்காக நடந்த இலவச மருத்துவமனையில், சம்பளம் வாங்காமல் ராப்பகலாக உழைத்த தொண்டர்களிடம்தான் அவர் அதைக் கண்டார். பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் மூன்று முகங்களைப் பிரித்துக் காட்டினார்: தீராத அசதி, வேலைமேலும் மனிதர்கள்மேலும் வரும் வெறுப்பு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். அசதியை எல்லோரும் கவனிக்கிறோம். நேற்று வரை நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட நர்ஸ் இன்று ‘ஏழாம் நம்பர் பெட்’ என்று சலிப்போடு சொல்வதைக் கவனிப்பதில்லை.

நம்பிக்கை: நாலு நாள் ஊட்டி போய் வந்தால் தீர்ந்துவிடும்.

தீரும், கொஞ்ச நாளைக்கு. இஸ்ரேலில் அலுவலக ஊழியர்களிடம் மினா வெஸ்ட்மனும் டோவ் ஈடனும் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் இறங்கிய சோர்வு, வேலைக்குத் திரும்பிய மூன்றே வாரங்களில் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. ஊட்டியில் தப்பில்லை. திரும்பி வந்தால் அதே டெட்லைன், அதே வாட்ஸ்அப் குரூப். அன்றாட மாலைகளில் வேலையிலிருந்து மனம் விடுபடுவதுதான் முக்கியம் என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் தொடர்ந்து காட்டிவருகிறார்.

நம்பிக்கை: ஆபீசில் யோகா வகுப்பு வைத்தாகிவிட்டது.

நல்லது. வேலைப்பளு குறைந்ததா?

நம்பிக்கை: இது ஐ.டி.காரர்களின் நோய்.

நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைப் பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979-இல் சொன்னது இங்கே பொருந்தும்: வேலைப்பளு கூடி, வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் மனம் நொறுங்குகிறது. அப்படிப் பார்த்தால் ஜவுளிக்கடை விற்பனைப் பெண் டெவலப்பரைவிட முன்னால் நிற்கிறார். நிற்கிறார் என்பது நிஜமாகவே. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘கொஞ்சம் மெதுவாகப் போங்கள்’ என்ற அறிவுரையை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவருடைய முதலாளியிடம்தான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: மெதுவாகப் போனால் பின்தங்கிவிடுவோம்.

இதை மட்டும் முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு ஒருவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அப்ரைசலில் அடி விழலாம். டீம் முழுவதும் சேர்ந்து செய்தால் கதை வேறு. ஹார்வர்ட் பேராசிரியர் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஒரு சோதனை நடத்தினார். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. அந்த மாலையில் மெயில் பார்க்கக் கூடாது. வாராந்தரக் கூட்டத்தில் அது நடந்ததா என்று எல்லோர் முன்னிலையிலும் பேசினார்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் வந்தது, அதனால் வேலை தடைபடவில்லை. 2009-இல் முடிவுகள் வெளியாயின. நிறுவனம் அதைப் பல குழுக்களுக்கு விரிவாக்கியது. ஆரம்பத்தில் அந்த ஓய்வை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சிலரைக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்ததாம்.