தூங்கிப்போகும் வீட்டு சர்வர்: விழித்திருக்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸை நிறுவி, குடும்பப் படங்களைச் சேமிக்கும் சர்வராக மாற்றியிருக்கிறோம். இரவு வரை நன்றாக ஓடுகிறது. காலையில் போனிலிருந்து தேடினால் பதிலே இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் எதுவும் நடக்காததுபோல் எழுந்துகொள்கிறது. புதிதாக சர்வர் அமைப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். இதை ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம், வாருங்கள்.

என்னதான் நடக்கிறது?

அந்தப் பெட்டிக்குத் தான் சர்வர் என்பது தெரியாது. க்னோம் டெஸ்க்டாப்போடு நிறுவியதால், எதிரே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வார் என்றே எண்ணுகிறது. மூடியைச் சாத்தினால் தூங்கும். 2018இல் வந்த க்னோம் 3.28 பதிப்பிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: சார்ஜரில் இருந்தாலும், சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தூக்கம். தொடுவது என்றால் அதன் கணக்கில் கீபோர்டும் மவுஸும்தான். நெட்வொர்க் வழியாக நாம் படங்களை ஏற்றிக்கொண்டிருப்பது கணக்கில் சேராது.

முதலில் எதைப் பார்ப்பது?

அமைப்புகளில் கை வைக்கும் முன் லாக்கைப் படிப்போம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராத சர்வர் எல்லாம் தூங்கும் சர்வர் அல்ல.

பெட்டியை எழுப்பி, டெர்மினலில் ‘அப்டைம்’ கட்டளையைக் கொடுப்போம். ஓடும் நேரம் புதிதாகத் தொடங்கியிருந்தால் அது தூங்கவில்லை; கரண்ட் போயிருக்கிறது, அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. தூக்கம் என்றால் பழைய கணக்கு தொடரும்.

அடுத்து ‘ஜர்னல்சிடிஎல்’. முன்னால் ‘சுடோ’ சேர்த்து, நேற்றிரவுப் பதிவுகளைத் தேடுவோம். ‘சஸ்பெண்ட்’ என்ற சொல் தென்பட்டால் தூக்கம் உறுதி. அதற்குச் சற்று மேலே ‘லிட் குளோஸ்டு’ என்றிருந்தால் காரணம் மூடி. இரவு முழுக்கப் பதிவுகள் இடைவெளியின்றி ஓடியிருந்தால் சர்வர் விழித்தேதான் இருந்திருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது வைஃபையின் மின்சேமிப்பு அமைப்பை, அல்லது ரௌட்டர் ஐபி முகவரியை மாற்றிவிட்டதா என்பதை. அந்தப் பெட்டிக்கு லேன் கேபிள் போட்டு, ரௌட்டரில் நிலையான முகவரி ஒதுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எப்படிச் சரிசெய்வது?

தூக்கம்தான் என்று தெரிந்தபின் மூன்று படிகள்.

முதல் படி, க்னோம் அமைப்புகளில் ‘பவர்’ பக்கத்துக்குப் போய்த் தானியங்கி சஸ்பெண்டை அணைப்பது. பலரும் இதோடு நிறுத்திவிட்டு, மறுநாளும் சர்வர் தூங்கியதைக் கண்டு குழம்புவார்கள். நாம் மாற்றியது நம் கணக்குக்கு மட்டும். யாரும் லாகின் செய்யாதபோது நிற்கும் லாகின் திரை வேறொரு பயனர் கணக்கில் ஓடுகிறது. அதன் தூக்கக் கெடு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, மூடி. ‘இடிசி’ அடைவின் ‘சிஸ்டம்டி’ பகுதியில் ‘லாகின்டி.கான்ஃப்’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ வரியின் தொடக்கத்திலுள்ள ஹேஷ் குறியை நீக்கி, மதிப்பை ‘இக்னோர்’ என்று மாற்றிச் சேமிப்போம். பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

மூன்றாவது படிதான் தூக்கத்தின் கதவையே பூட்டுவது. ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’ என்று தொடங்கி, ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் என்ற நான்கு பெயர்களையும், ஒவ்வொன்றின் முடிவிலும் புள்ளியும் ‘டார்கெட்’டும் சேர்த்து, ஒரே வரியில் கொடுக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். இதன்பின் லாகின் திரை கேட்டாலும் தூக்கம் வராது. மனம் மாறினால் ‘மாஸ்க்’ இருந்த இடத்தில் ‘அன்மாஸ்க்’ போட்டால் போதும்.

மூடியைச் சாத்தி, லாகின் செய்யாமல், ஓர் இரவு விட்டுவிடுவோம். காலையில் லாக்கில் சஸ்பெண்ட் வரி இல்லையென்றால் வேலை முடிந்தது.

எவ்வளவு செலவாகும்?

சரிசெய்யச் செலவே இல்லை. ஆனால் தூங்காத பெட்டி மின்சாரம் எடுக்கும். 20 வாட் இழுக்கும் லேப்டாப் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவழிக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், ஒரு பில்லில் ஏறத்தாழ 29 யூனிட். 10 வாட் மினி பிசி என்றால் அதில் பாதி. நம் பெட்டி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அறிய, மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்று உதவும். சுமார் 1,000 ரூபாய். இது கட்டாயமில்லை, ஆனால் வாங்கினால் வீட்டின் மற்ற கருவிகளையும் அளக்கலாம்.

கவனம்

மூடிய லேப்டாப்பை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். காற்றுத் துளைகள் திறந்திருக்கட்டும். அதைவிட முக்கியம் பேட்டரி. ஆண்டு முழுக்கச் சார்ஜிலேயே இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். பயாஸில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, உடனே அணைத்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை நாமே நெம்பாமல் சர்வீஸ் கடையில் கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டும்.