பப்புவா நியூ கினி செல்வோருக்கு

பப்புவா நியூ கினியின் தாழ்நிலப் பகுதிகளில் ஆண்டு முழுதும் மலேரியா உண்டு. அங்கே மலேரியா மருந்தான குளோரோகுயினை நம்ப முடியாது. டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரையை, மருத்துவர் ஆலோசனைப்படி, பயணத்துக்கு 1–2 நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் போட வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்துவது பெரிய தவறு. கல்லீரலில் தங்கிய கிருமி பிறகும் ரத்தத்தில் இறங்கும். இரவில் மருந்து தோய்த்த கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டே படுக்க வேண்டும். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை அவசியம். போய்வந்த நாட்டை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து லே, மவுண்ட் ஹேகன் நகரங்களுக்குச் சாலை கிடையாது, விமானம்தான். நோய் முற்றினால் ஆஸ்திரேலியாவுக்கே கொண்டுபோக நேரலாம். அச்செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பக் கூடாது. இருட்டிய பின் தலைநகரில் நடந்து போவது ஆபத்து. செபிக் ஆற்றில் முதலைகள் உண்டு.