முதலியார் கேட்ட மூன்று நூல்கள்

புலவர் இருவர் வழியில் எதிர்ப்பட்டால், நலம் உசாவிய பின்னர் அவர்தம் பேச்சு நூல்களின்மேற் செல்லுதல் இயல்பு. ஒருவர் தாம் அப்போது படித்துவரும் நூலின் பெயரைக் கூறுவார். அதன்கண் தம் உள்ளம் கவர்ந்த இடத்தை எடுத்துரைப்பார். மற்றவர் அந்நூலை அறியாராயின் கேட்டு வாங்கிச் செல்வார். உண்ணும் பொருள் பகிர்ந்தால் குறையும். நூலின் சுவையோ பகிரும்போது குறைவதில்லை. இத்தகைய உரையாடல்கள் நாள்தோறும் பல நிகழ்கின்றன; அவற்றுட் பெரும்பாலன மறக்கப்படுகின்றன. ஆயினும், கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் நிகழ்ந்த உரையாடல் ஒன்று தமிழ் நூல்களின் வரலாற்றையே மாற்றியது.

அன்று சந்தித்த இருவருள் ஒருவர் உ. வே. சாமிநாதையர். அவருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876ஆம் ஆண்டில் மறையும் வரை, உடனிருந்து பாடங்கேட்டவர் அவர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து கற்றார். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் வகித்த தமிழாசிரியர் பதவி 1880ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையருக்குக் கிடைத்தது. மற்றவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவ்வூர் நீதிமன்றத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர். ஆங்கிலக் கல்வியிலும் இசையிலும் வல்லவர். தமிழில் தணியாத வேட்கை உடையவர். அவரைச் சென்று காணுமாறு தேசிகரே சாமிநாதையருக்குக் கூறியிருந்தார். நீதிபதி என்றவுடன் நாம் நரைத்த தலையைக் கற்பனை செய்கிறோம். முதலியாருக்கு அப்போது வயது 28தான்.

அக்காலத்தில் தமிழ் கற்றோர் எந்நூல்களைக் கற்றனர் என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் ஆகிய சிற்றிலக்கியங்களே மிகுதியாகப் பாடஞ்சொல்லப்பட்டன. யமகமும் திரிபும் அமைந்த செய்யுட்களுக்குப் பொருள் விரிப்பது பெரும்புலமையாகக் கருதப்பட்டது. அவற்றிற்கு மேல் புராணங்களும் கம்பராமாயணமும் இருந்தன. அவற்றிற்கும் முற்பட்ட பெருநூல்கள் ஏட்டுச் சுவடிகளாகப் பரண்களிலும் பெட்டிகளிலும் உறங்கின. இராமபாணப் பூச்சி அவற்றை அறிந்திருந்த அளவுக்குப் புலவர்கள் அறியவில்லை என்று கூறினும் மிகையாகாது.

முதலியார் முதலில் ஆசிரியர் யார் என வினவினார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டவுடன் எவரும் மதிப்பர்; முதலியாரிடம் அத்தகைய மாறுதல் ஒன்றும் தோன்றவில்லை. என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று அடுத்துக் கேட்டார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொல்லலானார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்னும் கருத்துத் தோன்றவே அவர் பேசினார். சாமிநாதையர் புராணங்களைக் கூறினார், கம்பராமாயணத்தையும் கூறினார். அதன்பின்னும் முதலியார் நிறைவடையாமல், சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என மூன்று நூல்களின் பெயர்களைச் சொல்லி, அவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றைத் தம் ஆசிரியரிடத்தும் சாமிநாதையர் பாடங்கேட்டதில்லை. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கலாம் என்று விடையிறுத்தார்.

ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் உழைத்துக் கற்ற இளைஞர் ஒருவருக்கு அவ்வுரையாடல் எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்! அவர் மனம் கசந்து திரும்பிவிட்டிருக்கலாம். ஆங்கிலம் படித்த அதிகாரிக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருக்கலாம். அவ்வாறு தேற்றிக்கொண்டோர் எத்தனையோ பேர். சாமிநாதையர் அதனைச் செய்யவில்லை.

முதலியார் செய்தது குறை கூறியதோடு முடிந்திருப்பின் அவரை நாம் இன்று நினைக்க வேண்டுவதில்லை. தம்மிடம் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டெனவும், அதனைத் தருவதாகவும், அதைப் படித்துத் தமக்குப் பாடஞ்சொல்ல வேண்டுமெனவும் அவர் கேட்டார். அந்நூலை அவர் முற்றக் கற்றுத் தேர்ந்து, பிறர் அறியாமையை அளக்க அதனைக் கோலாகக் கொண்டவர் அல்லர். அது பெருநூல் என்பதை உணர்ந்திருந்தார். ஆனால் தனியே அதன் உள்ளே புக அவரால் இயலவில்லை. தக்க துணையொருவரை ஊர்தோறும் தேடிக்கொண்டிருந்தார். ஆகவே, அவர் கேட்ட வினா சோதனை வினா அன்று. தேடிய கண்ணின் வினா. இதனைப் பலரும் கவனிப்பதில்லை. சாமிநாதையரின் உழைப்பைப் புகழும் அவசரத்தில் முதலியாரின் இந்தத் தாகத்தை மறந்துவிடுகிறோம்.

பிரதி கைக்கு வந்தது. திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களை உடையது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தப் பாக்களால் ஆயது. அதற்கு நச்சினார்க்கினியர் உரை கண்டிருக்கிறார். நாமகள் இலம்பகம் மட்டும் 1868ஆம் ஆண்டில் பவர் துரையால் அச்சிடப்பட்டிருந்தது; ஏனைய பகுதிகள் எழுத்து வடிவிலேயே இருந்தன. சாமிநாதையர் நூலைத் திறந்தவுடன் கடவுள் வாழ்த்திலேயே தடை எழுந்தது. அவ்வாழ்த்து எச்சமயக் கடவுளைக் குறிக்கின்றது என்பதே விளங்கவில்லை. சைவ நூல்களிற் பழகிய அவருக்குச் சைன சமயக் கருத்துகளும் சொற்களும் புதியனவாக இருந்தன. உரையாசிரியரோ, கற்பார்க்கு அவையெல்லாம் தெரியும் என்று கொண்டு சுருக்கமாக எழுதிச் சென்றிருந்தார்; நூற்பெயர் கூறாமலே மேற்கோள்களையும் இடையிடையே எடுத்துக் காட்டியிருந்தார். அம்மேற்கோள்கள் எந்த நூல்களைச் சேர்ந்தவை?

கல்லூரிப் பணி ஒழிந்த நேரங்களில் இருவரும் கூடிப் படித்தனர். ஒருவர் படிப்பார், இருவரும் ஆராய்வர். தெரியாத இடங்களைத் தெரியாதவை என ஒப்புக்கொள்வர். கம்பர் சில இடங்களில் சிந்தாமணியைப் பின்பற்றிச் சென்றிருக்கும் அழகை முதலியார் எடுத்துக்காட்டுவார். படிக்கப் படிக்கச் சாமிநாதையருக்கு முன்பு கசந்த வினாவே இனித்தது.

சைன சமயச் செய்திகளில் ஐயம் மிகுந்தபோது சாமிநாதையர் கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் என்பவர் இதில் துணை செய்தார். அவருடன் ஒரு சைனர் இல்லத்திற்குச் சென்ற நாளில், அவ்வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டப்பட்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டபோது, அவ்வீட்டிற் பல மாதங்களாக நடைபெற்ற சிந்தாமணிப் படிப்பு அன்று நிறைவெய்தியதாக அறிந்தார். தமிழ்ப் புலவர்கள் கண்ணாற் காணாத நூலை, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பத்தார் விழா எடுத்துப் படித்து வந்தனர்! நூல் அழியவில்லை, அதனை விரும்புவோரிடம் சென்று கேட்பார்தாம் இல்லாமற் போயினர். அச்சைனர்கள் பிற சமயத்தார் என்று அவரை விலக்கவில்லை, கேட்டவற்றையெல்லாம் விளக்கினர். கற்றறிந்த ஆடவர்க்கும் விளங்காத ஐயத்தை இல்லத்து அம்மையார் ஒருவர் தீர்த்து வைத்ததும் உண்டு.

நண்பர் இருவர் ஒரு நூலைக் கூடிப் படித்தலால் விளைந்த நன்மைக்கு ஆங்கில நாட்டிலும் சான்று உண்டு. 1816ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மாநகரில் கீட்சு என்னும் இளைஞரைக் கிளார்க்கு என்னும் நண்பர் தம் இல்லத்திற்கு அழைத்தார். கீட்சு முன்னர்ப் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியர்க்கு மைந்தர் அவர். கிரேக்கப் பெருங்கவி ஓமரின் காவியங்களைச் சாப்மன் என்பவர் பெயர்த்தெழுதிய பழம்பதிப்பு ஒன்று கிளார்க்கிடம் இருந்தது. அதுவும் பிறர் ஒருவரிடம் இரவல் பெற்றதே. இருவரும் இரவெல்லாம் கண்விழித்து, சுவையான பகுதிகளைத் தேடித் தேடிப் படித்தனர். பொழுது புலரும் வேளையிற் கீட்சு நடந்தே வீடு திரும்பினார். காலை பத்து மணிக்குக் கிளார்க்கு உணவு உண்ண வந்தபோது, அந்நூலைப் படித்த வியப்பைப் பற்றிக் கீட்சு இயற்றிய பதினான்கு அடிப் பாடல் மேசைமேல் வந்து கிடந்தது. கவிஞருக்கு அப்போது இருபத்தொரு வயது நிரம்பவில்லை. அப்பாடலோ இன்றளவும் ஆங்கிலம் கற்போரால் போற்றப்படுகிறது. கிளார்க்கும் நம் முதலியாரைப் போன்றவரே. கையில் நல்ல நூல் இருக்கும்போது அதனைத் தனியே படிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கீட்சின் பாடல் ஓரிரவில் விளைந்தது. சாமிநாதையரின் பணிக்கு ஏழாண்டுகள் தேவைப்பட்டன. ஒரு பிரதியைக்கொண்டு உண்மைப் பாடத்தைத் துணிதல் அரிது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டப்படாது; காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எழுதுவோர் செய்த பிழைகள் வேறு. ஆகவே ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார். நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்களின் மூலத்தைத் தேடியபோதுதான் பத்துப்பாட்டு முதலிய சங்க நூல்கள் அவர் கைக்கு வந்தன. இதற்கிடையில் முதலியார் கும்பகோணத்தை விட்டுச் சென்னை சென்று வழக்கறிஞரானார். 1885ஆம் ஆண்டில் இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் அவரும் ஒருவர். அத்துணைப் பொதுப்பணிகளுக்கிடையிலும் சிந்தாமணியை அவர் மறந்தாரல்லர். அதனை அச்சிடுமாறு ஊக்கி, அதற்கு வேண்டிய உதவிகளையும் செய்தார். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

மற்ற இரண்டு நூல்களும் எஞ்சியிருந்தன. சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டில் வெளிவந்தது. மணிமேகலைக்குப் பௌத்த சமய அறிவு வேண்டியிருந்தது. சைனர்களைப்போலக் கேட்டறியப் பௌத்தர்கள் கும்பகோணத்தில் இலர். பௌத்தத்தைப் பற்றிய நல்ல நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சாமிநாதையரோ ஆங்கிலம் அறியார். அக்கல்லூரியிற் பணியாற்றிய அரங்காசாரியர் என்னும் பேராசிரியர் அந்நூல்களைத் தாம் படித்து, அவற்றின் செய்திகளைத் தமிழில் அவருக்கு எடுத்துரைத்து வந்தார். நூலைக் கொடுப்பதினும் இது ஒரு படி மேலான கொடை என்பது என் கருத்து; தாம் படித்ததையே பிறர் செவியில் இட்டுச் செல்ல எத்தனை பேர் தம் ஓய்வு நேரத்தை ஈவர்? அவ்வாறு தெளிந்த பொருளோடு மணிமேகலை 1898ஆம் ஆண்டில் அச்சாகியது.

முதலியார் ஒரே மூச்சில் கேட்ட மூன்று நூல்களும், இல்லை என்று விடை சொன்னவர் கையாலேயே பதினெட்டு ஆண்டுகளில் அச்சேறி முடிந்தன. மணிமேகலை வெளிவந்தபோது அதனைப் பெற்றுக்கொள்ள முதலியார் இல்லை. நாற்பது வயது நிரம்புமுன்னரே, 1892ஆம் ஆண்டில், அவர் காலமாகியிருந்தார். சாமிநாதையர் தம் முதுமையில், 1940ஆம் ஆண்டு முதல், ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு முன் தம்மை வாட்டிய அந்த வினாவையும், அதைக் கேட்டவர் பெயரையும், கேட்ட நாளையும் ஒன்றும் குறையாமல் அதில் எழுதி வைத்தார்.