பாடம்: ஆத்துல விட்டா புண்ணியமா?

கொர்பு மலையில் பிறக்கும் கிந்தா ஆறு, ஈப்போவைக் கடந்து பேராக் ஆற்றில் சேருது. போன கோத்தோங் ரோயோங்கில் நான் வாரிய சாக்கில் பாதி நம்ம பூசை மாலைதான். நானும் விட்டவன்தான், வெட்கமா இருந்துச்சு.

"பூதானே, மக்கிடும்"னு சொல்வோம். மக்கும்போதுதான் சிக்கல். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கும். மீனுக்கு மூச்சு முட்டும். மலேசியாவில் ஆற்றுத் தரத்தைக் கணிக்கும் 6 அளவுகளில் கரைந்த ஆக்சிஜனும் ஒன்று.

செய்வோம்:
1. நாரைப் பிரித்து, பூவைச் செடிக்கு உரமாக்குங்க.
2. கோப்பெங் பக்கம் கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடப் போனா, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாங்க.

சிந்திக்க: கங்கையைத் தாயென்று கும்பிடுறோம். கிந்தா யார்?