பாசிக்கு ஓரா விடலாமா? ஒரு நைட்ரஜன் கணக்கு

கடல் மீன் தொட்டி வைக்கிற பலருக்கும் முதல் சில மாதங்களிலேயே இது நடக்கும். பாறை மேல் பச்சையாக, தலைமுடி மாதிரி பாசி முளைக்கும். கையால் பிய்த்துப் போட்டாலும் சில நாளில் திரும்ப வந்துவிடும். கடையில் கேட்டால், "ஒரு ரேபிட்ஃபிஷ் விடுங்க தம்பி, அதுவே தின்னுடும்" என்பார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் வாங்கினால் நஷ்டம் நம்ம பர்ஸுக்கு மட்டும் இல்லை, அந்த மீனின் உயிருக்கும்தான்.

ஆள் நமக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர் கடற்கரையில் ஓரா என்று வலையில் வந்து குழம்புக்குப் போகிற மீனின் குடும்பம்தான் இது. தொட்டிக்கு அதிகம் வாங்குவது மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ். மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நரி மூஞ்சி. கடையில் விரல் நீளம் இருக்கும்; வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும்.

தின்பதில் இந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவே முடியாது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, செங்கடலில் இருந்து இரண்டு ஓரா இனங்கள் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. துருக்கியின் தெற்குக் கடலோரத்தில் பல பாறைகளை மொட்டையாக்கியதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஏன் தொட்டியில் பிரச்சனை தீருவதில்லை? இங்கேதான் மாஸ் பேலன்ஸ் வருகிறது. பாசி வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் முக்கியமாக நாம் போடும் தீனியில் இருந்து வருகின்றன. ஓரா பாசியைத் தின்கிறது. அதில் இருந்த நைட்ரஜனில் கொஞ்சம் சதையாகிறது, மிச்சம் அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே திரும்புகிறது. பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைப் பாசி மறுபடி எடுத்துக்கொள்ளும். வட்டம் முடிந்தது, தொட்டியை விட்டு எதுவும் பெரிதாக வெளியே போகவில்லை.

ஒரு கணக்கு போடலாம். தீனியால் வாரம் 4 பிபிஎம் நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை 10% தண்ணீர் மாற்றுகிறோம். புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை. நிலையான அளவு வர, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகணும். 4 ÷ 0.10 = 40. அதாவது எத்தனை மாதம் மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் அளவு 40 பிபிஎம்மில் போய் நிற்கும். 20% மாற்றினால் 20. 20% மாற்றி, தீனியையும் பாதியாக்கினால் 10. இந்தச் சமன்பாட்டில் 'வெளியே' பக்கம் ஓராவுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. அதற்கும் தீனி போடணும் என்பதால் 'உள்ளே' பக்கம்தான் ஏறும்.

அப்போ ஓரா வேஸ்ட்டா? இல்லை. பாறையில் ஒட்டியிருக்கும் சத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவரும் கூலியாள் அது. தண்ணீரில் இருந்து வெளியேற்றுவது நம் வேலை: புரோட்டீன் ஸ்கிம்மர், தண்ணீர் மாற்றம், கையால் பாசி பிடுங்குவது. போர் தண்ணீரை நேராக ஊற்றாமல் ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலக்கணும். ஒரு எச்சரிக்கை: பாசி நிறைய இருக்கும் தொட்டியில் டெஸ்ட் கிட் 0 காட்டலாம். சத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. பாசியே குடித்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்க முடிவு செய்தால் இதெல்லாம் தெரிந்திருக்கணும்:

இடம்: 120 × 60 × 60 செ.மீ. தொட்டி 432 லிட்டர் பிடிக்கும். அதற்குக் குறைந்தால் வேண்டாம். வெப்பம் 24 முதல் 27 டிகிரி, உப்பின் ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்கணும். நம்ம ஊர் வெயிலுக்குச் சில்லர் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்கணும்.

சாப்பாடு: முடிப்பாசி தீர்ந்ததும் பட்டினி ஆரம்பிக்கும். உப்பு, மசாலா சேர்க்காத நோரி பாசித் தாளைத் தினமும் கிளிப்பில் மாட்டணும். பசித்தால் பவளத்தைக் கடிக்கும். செந்நிறமாக வழவழவென்று படர்வது பெரும்பாலும் சயனோபாக்டீரியா. அதற்காக ஓரா வாங்கினால் ஏமாற்றம்தான்.

நிறம்: இரவிலும் பயந்தாலும் மஞ்சள் மங்கிப் பழுப்புத் திட்டாகிவிடும். நோய் என்று பதறி மருந்து ஊற்றாதீர்கள். காலையில் லைட் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

முள்: முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4, மொத்தம் 24 முள், விஷம் உண்டு. வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் டப்பாவில் பிடிப்பது நல்லது. குத்தினால் சுமார் 45 டிகிரி வெந்நீரில், தோல் பொசுங்காத சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைக்கணும். மூச்சுத் திணறலோ வீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பாசியைப் பார்த்ததும் கடைக்கு ஓட வேண்டாம். நாலு வாரம் தீனியைக் குறைத்து, 20% தண்ணீர் மாற்றிப் பாருங்கள். பாசி குறைந்தால் கணக்கு சரி. அதற்குப் பிறகும் ஓரா பிடித்திருந்தால், அந்த நரி மூஞ்சிக்காகவே வாங்குங்கள்.